குழி நாற்பது

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "யாரைக் கேட்டுவே எழுதினீரு?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும் என்கிற பயம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் போகவில்லை. ஆபீசில் எல்லோரும் கூப்பிட்டபடி ஆர்.ஐ. என்றே வைத்துக்கொள்கிறேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, காலர் நைந்த கோட்டு. எதிரில் நிற்பவன் பேசும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். முகம் பொய்க்குப் பழகிவிடும், கை பழகாது என்பது அவர் கட்சி.

யுத்தம் முடிந்து ரேஷன் இலாகாவில் ஆள் குறைத்தபோது, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனான என்னைத் தூத்துக்குடிக்குத் தள்ளிவிட்டார்கள். நான் நீட்டிய உத்தரவை அவர் மூன்று தடவை படித்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, "இவரு பெட்டியத் தூக்கிட்டு வந்தியே, கனமா இருந்துதா?" என்று கேட்டார். கனமாகத்தான் இருந்தது என்றான் பியூன். "அப்பம் இருக்க வந்தவருதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்று ராத்திரி என் மனைவியிடம், "ஒரு கிறுக்கனிடம் வந்து மாட்டிக்கொண்டேன்" என்று சொன்னேன்.

கிறுக்கு இல்லை. சந்தேகம். அவருக்கு அது வியாதியாக இல்லை, வேலையாக இருந்தது. நிலம் அளக்கும் சங்கிலியைத் தினமும் காலையில் ஆபீஸ் முன்னால் விரித்து, சுவரோரம் அடித்திருந்த இரண்டு முளைகளுக்கு நடுவே வைத்துச் சரிபார்ப்பார். "சங்கிலியும் மனுசன் மாதிரிதான் ஓய். ஆளாளுக்கு இழுத்தா நீண்டு போவும்" என்பார். அதனால் சர்வேயர் கையிலும் கொடுக்க மாட்டார். ஒரு முனை தலையாரிக்கு, மறுமுனை அவருக்கு. தலையாரி பிடித்திருக்கிற முனையையும் பாதியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு தடவை ஆபீசோடு திருச்செந்தூர் போயிருந்தோம். அங்கே விபூதியைப் பன்னீர் இலையில் மடித்துத் தருவார்கள். அந்த இலையில் பன்னிரண்டு நரம்பு, அது முருகனுடைய பன்னிரண்டு கை என்று சொல்வது வழக்கம். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டோம். இவர் மண்டபத்துத் தூணோரம் போய் நின்று இலையைப் பிரித்து விரலால் எண்ணினார். "பதினொண்ணுதான் இருக்கு" என்றார். பூசை செய்கிற பெரியவர் பதறிப் போய் இன்னொரு இலை கொடுத்தார். அதையும் எண்ணினார். அதில் பன்னிரண்டு இருந்தது. "இது சரி" என்று முருகனுக்கே சர்டிபிகேட் கொடுத்துவிட்டு நெற்றியில் பூசிக்கொண்டார்.

யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். கேம்ப் போகிற ஊருக்கெல்லாம் பித்தளைக் கூஜாவில் சொந்தத் தண்ணீர் வரும். வெற்றிலைத் தட்டை நீட்டினால், தட்டில் தேள் இருக்கிறதுபோல ஒரு அடி பின்னால் போவார். இதைப் பார்த்து எனக்கு மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம்தான். இவ்வளவு சுத்தமாக இருக்கிறவன் எங்கோ பெரிதாக அடிக்கிறான் என்று நினைத்தேன். அவரோடு இருந்தால் அந்தப் புத்தி ஒட்டிக்கொள்ளும்.

நான் சேர்ந்த வருஷம் ஆடி மாதத்தில், ஊரில் பெரிய உப்பு முதலாளி ஒருவர் தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டார். ஊருக்குத் தெற்கே உப்பளங்கள் முடிகிற இடத்தில் ஒன்றரை ஏக்கர் மேடு. உடை மரமும் அடம்பங்கொடியும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. மேட்டை வெட்டித் தரையைச் சமமாக்கி உப்புப் பாத்தி கட்டப் போவதாக மனு சொன்னது. பழைய ரிக்கார்டைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. செட்டில்மெண்டுக்கும் முந்தின ஒரு புத்தகத்தில், பூச்சி அரித்தது போக, அந்த மேட்டுக்கு நேரே இரண்டே வார்த்தை மிஞ்சியிருந்தது: "சலாபக்குழி நாற்பது."

சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. கடலுக்கடியில் சிப்பி விளைந்திருக்கிறது என்று சர்க்கார் அறிவித்தால், நாலா பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆள் வந்து கரையில் ஓலைக் குடிசை போடும். குளித்து முடிந்ததும் அந்த ஊரே கலைந்து போகும். அது எனக்குத் தெரியும். குழி என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் நூறு குழி ஒரு மா. பால் குடிக்கிற குழந்தைகூடச் சொல்லும். ஆகவே, "மேற்படி நிலம் சலாபத்துக்கு விடப்பட்ட தரிசு, விஸ்தீரணம் நாற்பது குழி, ஆட்சேபணை இல்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்.

அவர் படித்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"நாப்பது குழின்னா எம்புட்டு வரும்?"

"பதிமூன்று சென்ட் சார்."

"மேடு ஒண்ணரை ஏக்கர்ல கெடக்கு. மிச்சத்தைக் கடல் கொண்டுட்டுப் போயிட்டா?"

நான் குறிப்பை எடுத்து மறுபடி பார்த்தேன்.

"ஓய் தஞ்சாவூர்க்காரரே, இந்தக் கரையில எவன்வே குழிக் கணக்குல அளந்தான்? கோட்டைன்னு சொல்லுவான், மரக்கால் வெதப்பாடுன்னு சொல்லுவான். வெதைக்கவே முடியாத உப்பு மண்ணுக்கு அதுவுங் கெடையாது. இது அளவு இல்ல. குழிதான். தோண்டுன குழி. நாப்பது."

"எதற்குத் தோண்டினார்கள் சார்?"

"சிப்பியப் போட்டு அழுக வைக்கத் தோண்டியிருக்கலாம். மனுசனப் போடவும் தோண்டியிருக்கலாம். எனக்கு என்ன தெரியும், நான் கூட நின்னனா?" என்றவர் குரலை இறக்கினார். "ஒமக்கு வீடு பாத்துக் கொடுத்தது ஆரு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. வந்த புதிதில் எனக்கு வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர் அந்த உப்பு முதலாளியின் ஏஜெண்டு. அவர் வீட்டில் இரண்டு தடவை கருப்பட்டிக் காப்பியும் குடித்திருக்கிறேன். அதற்கும் இந்தக் குறிப்புக்கும் சம்பந்தமே இல்லை. எனக்குத் தெரிந்த குழியை எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் அதை எப்படிச் சொன்னாலும் வாங்கியவன் சொல்கிற மாதிரியே இருக்கும். அன்றிலிருந்து அவர் என்னை ஒரு கண்ணால் பார்த்தபடியே இருந்தார். நானும் அவரை அப்படியே பார்த்தேன்.

நிலத்தின் மேல் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று நோட்டீஸ் ஒட்டித் தமுக்கும் அடித்தோம். வந்தது ஒரே ஒரு ஆட்சேபணை. சவேரியம்மாள் என்று ஒரு பெண். சங்கு குளிக்கப் போகிறவரின் மனைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய சலாபம் ஒன்றில் வாந்திபேதி வந்து செத்தவர்களை அந்த மேட்டில்தான் புதைத்தார்கள், அதை வெட்டக் கூடாது என்று மனு எழுதி வாங்கி வந்தாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஆர்.ஐ. விசாரித்தார். வாக்குமூலம் எழுத நான் மட்டும் இருந்தேன்.

"பொதைச்சதைப் பாத்தியாளா?"

"எங்கம்மா சொல்லும் ஐயா. பேதியில செத்தவங்க கிட்ட சாமியாரையே போக விடலயாம். எந்த ஊரு, எந்தச் சாதி, எந்த வேதம்னு பாக்காம, காயல்காரங்க, நம்ம ஆளுங்க, அரபுக்காரங்க எல்லாரையும் ஒண்ணாப் போட்டாங்களாம். சிலுவை கூட நடல."

"ஒங்கம்மா பாத்தாளா?"

"அவுக அம்மா சொன்னதாம்."

"சொன்னவ எல்லாம் போய்ச் சேந்துட்டா. கேட்டவ நீ ஒருத்திதான் மிச்சம். ஒன்னைய ஆரு அனுப்பினது? அடுத்த உப்பளக்காரனா?"

அவள் திடுக்கிட்டுப் போனாள். ஒருவரும் அனுப்பவில்லை, கல்லறைத் திருநாளுக்கு அங்கே மெழுகுதிரி கொளுத்தப் போகிறவள் நான் என்றாள்.

"எத்தனை வருசமா போற?"

"மூணு வருசமா."

"மூணு தலைமுறைக் கதைக்கு மூணு வருசமாத்தான் மெழுகுதிரியா? மேட்டுல எங்கன கொளுத்துவ?"

"ஓரத்துல ஐயா. பெரிய உடை மரத்தடியில."

"நடுவுல கெடக்கவங்களுக்கு ஓரத்துல எதுக்குளா வெளிச்சம்?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவள் சேலை முனையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்தக் கைகளைத்தான். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எம்புள்ள அங்கன கெடக்கு ஐயா. பெறந்து ஒரு மணி நேரந்தான் உசுரு இருந்துச்சு. சாமியாரு ஊருல இல்ல. நான் மயக்கத்துல கெடந்தேன், பக்கத்துல இருந்தவளுக்கும் தலையில தண்ணி ஊத்தணும்னு தோணல. ஞானஸ்நானம் இல்லாத புள்ளைக்குச் சிமித்தேரியில எடம் கெடையாதுன்னு உபதேசியாரு சொல்லிட்டாரு. அங்கன பேரில்லாதவங்க எம்புட்டோ பேரு கெடக்காங்க, இதுவும் அவங்க கூடக் கெடக்கட்டும்னு எம்புருசன் எடுத்துட்டுப் போனாரு. நாய் தோண்டிரும்னு சிப்பிச் சுண்ணாம்பு கொட்டி மூடினாரு."

ஆர்.ஐ. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஊருக்குத் தெரியாம புள்ளயப் பொதைக்கது குத்தம். போலீசுக்குத் தெரிஞ்சா தோண்டிப் பாக்கும். உசுரோட பெறந்துதா, நீங்களே எதுவும் செஞ்சீங்களான்னு கேக்கும். தெரியுமா?"

"இப்பந்தான் ஐயா தெரியும்."

"மூணு வருசத்துல மண்ணெல்லாம் ஒண்ணு போல ஆயிருக்குமே. எடத்தை எப்படிக் கண்டுபிடிப்ப?"

"மழை பெஞ்சா தெரியும் ஐயா. சுண்ணாம்பு போட்ட எடம் கெட்டியாயிருக்கு. மேட்டுல எல்லாத் தண்ணியும் மணலுக்குள்ள எறங்கினாலும் அங்கன மட்டும் ரெண்டு நாளைக்கு நிக்கும்."

அவர் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை உருவிக்கொண்டார். நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "வேற தாள் எடும். பெரியவங்க சொல்லக் கேள்வின்னு மட்டும் எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பும்" என்றார். அந்த முதல் தாளை நான் பிறகு பார்க்கவே இல்லை.

இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தார் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். நான் அவரிடம் பாடம் படித்தவன். ஒரு பெண்ணின் குடுமி கையில் கிடைத்துவிட்டது, இனி அதை முதலாளியிடம் காட்டி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தோன்றியது. அதற்குத் தகுந்தாற்போல அவர் பைலை எடுத்துத் தன் மேஜைக்கடியில் போட்டுவிட்டார். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. மேலே இருந்து நினைவூட்டுக் கடிதம் வந்தது. ஏஜெண்டு வாரத்துக்கு இரண்டு தடவை வந்து நின்றார். "இன்னுங் கொஞ்சம் பாக்கணும்" என்பதற்கு மேல் பதில் கிடையாது. ஆர்.ஐ. விலையை ஏற்றுகிறார் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒருநாள் ஏஜெண்டு ஒரு தகர டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே நாலைந்து எலும்பு. "ஐயா, மேட்டுல நாங்களே ரெண்டு எடத்துல தோண்டிப் பாத்துட்டோம். மனுச எலும்பு ஒண்ணு கூட இல்ல. எல்லாம் மாட்டெலும்பு" என்றார்.

ஆர்.ஐ. ஒரு எலும்பை எடுத்துக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். "மாடு இம்புட்டுக் கனமா இருக்காதே. இது ஆவுளியா எலும்பு. கடல்ல மேயுத பிராணி. அது எப்பம்வே கரையேறி மேட்டுல வந்து படுத்துது? கடக்கரையில பொறுக்கினதைக் கொண்டாந்து எனக்கிட்ட காட்டுதீரு." பிறகு டின்னைத் தள்ளி வைத்துவிட்டு, "அதை விடும். தோண்டினோம்னு உம்ம வாயாலயே சொல்லுதீரு. இன்னும் ஒப்படைக்காத சர்க்கார் தரையில, இடுகாடா இல்லையான்னு விசாரணை நடக்கையில, ஆரு உத்தரவு கொடுத்தா? இடுகாடா இருந்து நீரு அதுல கை வச்சிருந்தா, பீனல் கோடு இருநூத்தித் தொண்ணூத்தேழு. ஒரு வருசம்" என்றார். ஏஜெண்டு டின்னை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு ஆர்.ஐ. தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். "இடுகாட்டைத் தோண்டக் கூடாது. இடுகாடுன்னு காட்டணும்னா தோண்டணும். சட்டம் எழுதினவன் கெட்டிக்காரன் ஓய்" என்றார்.

ஐப்பசி பிறந்த பிறகு ஒருநாள் சவேரியம்மாள் மார்க்கெட் வாசலில் என்னை மறித்தாள். அன்றைக்கு அவள் சொன்னதை எழுதின தாள் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவளுக்கு அது பொய்யாகப் பட்டிருக்க வேண்டும்.

"பேசாம இருந்திருந்தா எம்புள்ளைய மண்ணோட மண்ணா உப்புல கொண்டு போயிருப்பாங்க. பேசினதுக்கு இப்பம் போலீசே தோண்டிரும் போல இருக்கு. நான் என்னதான்யா செஞ்சிருக்கணும்?" என்றாள்.

அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது.

கல்லறைத் திருநாள் கழிந்து நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் விடியும்போது வானம் வெளுத்திருந்தது. ஆபீஸ் திறக்கும் முன்னால் பியூன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். ஆர்.ஐ. வண்டி கட்டி வைத்திருக்கிறார், உடனே வரச் சொல்கிறார் என்றான். கிராம முன்சீப்புக்கும் தலையாரிக்கும் ஆள் போயிருந்தது. ஏஜெண்டுக்கும் சவேரியம்மாளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாங்கள் போனபோது வெயில் அப்போதுதான் சாய்வாக விழ ஆரம்பித்திருந்தது. வண்டி மேல் நின்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மேடு முழுக்க மணல் தண்ணீரைக் குடித்துவிட்டு வெறுமையாகக் கிடந்தது. அதன் நடுவே ஆள் நீளத்துக்கு, ஆள் நீளத்துக்கு, வரிசை வரிசையாகத் தண்ணீர் நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிராம முன்சீப் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். ஒரு மண்வெட்டி படாமல், ஒரு எலும்பைக் கிளறாமல், அத்தனை பேரும் வந்து படுத்துக் காட்டினார்கள். மூன்று மாதமாக அவர் காத்திருந்தது காசுக்கு இல்லை, மழைக்கு.

காலரா பிணத்தின் மேல் சுண்ணாம்பு கொட்டுவது அந்தக் காலத்துச் சர்க்கார் வழக்கம், சிப்பி அழுகப் போடுகிற குழியில் யாரும் சுண்ணாம்பு கொட்ட மாட்டான் என்று முன்சீப்பிடம் விளக்கினார். பிறகு ஒரு காரியம் செய்தார். தலையாரியைத் தவிர யார் கையிலும் கொடுக்காத சங்கிலியின் முனையை எடுத்து ஏஜெண்டின் கையில் கொடுத்தார். "இந்த முளைய விட்டு அசையாதேயும். நீரு அசைஞ்சா அளவு தப்பிப் போவும். அப்புறம் உம்ம முதலாளி என்னைச் சொல்லுவாரு." ஏஜெண்டு பெருமையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து அந்தப் பெரிய உடை மரத்தின் பின்பக்கம் தெரியாது.

"ஓய், நீரு போய்த் தண்ணி நிக்கதை எண்ணிட்டு வாரும்" என்றார் என்னிடம்.

வரிசையாக எண்ணிக்கொண்டு போனேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. புத்தகத்தில் இருந்தபடியே. உடை மரத்துக்குப் பின்னால் போனபோது இன்னொன்று இருந்தது. ஒரு முழ நீளம். சோறு வடிக்கிற தட்டு அளவுக்குத் தண்ணீர். விளிம்பில் உருகி ஒட்டின மெழுகு. கொஞ்சம் தள்ளிச் சவேரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் திரும்பி நடந்தேன். ஆனால் நடக்கும்போது என் புத்தியில் ஓடியது அவள் இல்லை, நான். இந்த மனுஷன் என்னைச் சோதிக்கிறான். குறைத்துச் சொன்னால், வீடு பார்த்துக் கொடுத்தவனுக்கு நன்றி காட்டுகிறாய் என்பான். ஏற்கெனவே குழியைத் தப்பாகப் படித்தவன் நான். இன்னொரு தடவை தப்பினால் வேலை போய்விடும். எல்லோருக்கும் கேட்கும்படி, "நாற்பத்தொன்று சார்" என்றேன்.

ஏஜெண்டின் தலை நிமிர்ந்தது. "நாப்பத்தொண்ணா? பழைய புஸ்தகத்துல நாப்பதுன்னுல்லா இருக்கு? அப்பம் ஒண்ணு புதுசு! ஆரோ இப்பம் தோண்டிச் சேத்திருக்கான். எல்லாமே ஜோடிப்புதான் ஐயா. போலீசைக் கூப்பிட்டுத் தோண்டிப் பாத்தா..."

"சங்கிலிய விடாதேயும்!" என்று அதட்டினார் ஆர்.ஐ. பிறகு முன்சீப் பக்கம் திரும்பினார். "இவரு தஞ்சாவூர்க்காரரு. குழின்னாலே இவருக்குக் குழப்பந்தான். ஏற்கெனவே ஒருக்கா ஏமாந்தவரு." தலையாரி சிரித்தான். என்னைப் பார்த்து, "போய்த் திருப்பி எண்ணிட்டு வாரும். நல்லா நின்னு எண்ணும்" என்றார். வார்த்தைகள் நிதானமாகத்தான் வந்தன. நான் அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் சங்கிலி வளையத்தைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தன.

மறுபடி போனேன். நாற்பது வரைக்கும் எண்ணினேன். அந்தச் சின்னக் குழியருகில் வந்து நின்றேன். சவேரியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சவில்லை. மார்க்கெட் வாசலில் கேட்ட கேள்விக்கு இப்போதாவது பதில் சொல்லுவாயா என்கிற மாதிரி பார்த்தாள். அவள் முன்னால் அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. திரும்பி வந்தேன்.

"எத்தனை?"

"நாற்பது சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமாக. முன்னே எண்ணியதில் ஒன்றை இரண்டு தடவை எண்ணிவிட்டேன்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். முன்சீப்பும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லைக் கல்லை உடை மரத்துக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி நடச் சொன்னார். "அங்கன ஒண்ணுமில்லையே ஐயா, எதுக்கு அம்புட்டுத் தூரம்?" என்றார் முன்சீப். "செத்தவனைப் பாக்க வாரவன் நிக்க எடம் வேண்டாமாவே?" என்றார். மயானப் புறம்போக்கு, யாருக்கும் ஒப்படைக்கக் கூடாது என்று உத்தரவு ஆயிற்று. நாங்கள் வண்டி ஏறும்போது சவேரியம்மாள் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி உப்பளத்து வரப்பில் வெகுதூரம் வந்த பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"முன்சீப் முன்னால, ரிக்கார்டுல ஏறப் போவுதுன்னு தெரிஞ்சே, கண் கொட்டாம பொய் சொல்லிட்டீரே ஓய். ஒரு காரணமும் சேத்துச் சொன்னீரு. இனிமே உம்ம கணக்கை நான் எப்படி நம்புவேன்?"

விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூஜாவைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு மூடி, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாற்றலாகிப் போகும்வரை மேலும் இரண்டு வருஷம் அவர் கீழே வேலை பார்த்தேன். நான் அளந்த ஒவ்வொரு வயலையும் அவர் திரும்ப அளந்தார். நான் எண்ணி எழுதிய ஒவ்வொரு பனையையும் நேரில் போய் எண்ணினார். தெற்கே அந்த மேட்டு வழியாகப் பலமுறை, மழை நாளிலும் கூட, ஒன்றாகப் போயிருக்கிறோம். அங்கே மட்டும் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னதில்லை.